தகர முகமூடிக்குக் கை தட்டியவர்கள்

மாப்ள,

என் சட்டைப் பையிலிருந்து ஃபிளெக்ஸ் மை வாடை வருகிறது. மண்ணெண்ணெயும் நகப்பூச்சும் கலந்தமாதிரி ஒரு வாடை. விளாங்குடியில் கார்த்தியின் ஃபிளெக்ஸ் கடைக்குள் நுழைந்தாலே நீ மூக்கைப் பொத்திக்கொள்வாய். "இதுல எப்புடிடா இம்புட்டு நேரம் உக்காந்திருக்க? எனக்காச்சும் மாத்திர போட்டாத்தான் கிறுகிறுங்குது" என்று அவனைக் கேட்பாய். நேற்று பகல் முழுக்க அந்த வாடையில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் முகம் மெஷினிலிருந்து வெளியே வருவதற்காகக் காத்திருந்தேன்.

நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. நினைவஞ்சலிக்குக் கார்த்தி ஏற்கெனவே ஒரு ஃபிளெக்ஸ் அடித்து, அவனியாபுரத்தில் உன் வீட்டுத் தெருமுனையில் கட்டியிருந்தான். அதைக் கழற்றிவிட்டோம். நேற்று அடித்தது இரண்டாவது. முதல் ஃபிளெக்ஸை ஏன் கழற்றினோம் என்று சொல்வதற்கு அந்தத் தகர முகமூடிப் படத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உன்னைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் அந்தப் படத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு ஆத்திரமே அதுதான். ஆனாலும் வேறு வழியில்லை.

நீ, நான், கார்த்தி மூன்று பேரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். கடைசி வருசம் உனக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. உன் அம்மா முதலில் கோயிலுக்கும் பிறகு டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனார். மாத்திரை பிடித்துக்கொண்டது. முகம் ஊதியது, விரல் லேசாக நடுங்கியது, காலையில் உன்னை எழுப்ப உன் அம்மா படாதபாடு பட்டார். மற்றபடி நீ எங்கள் இரண்டு பேரையும்விட ஒழுங்காக இருந்தாய். கப்பலூரில் போல்ட், நட்டு செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. போல்ட்டில் வெட்டிய மரை சரியாக இருக்கிறதா என்று நட்டை ஏற்றி இறக்கிப் பார்க்கிற வேலை. உன் வியாதியைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. சொல்லாதே என்று நான்தான் சொல்லியிருந்தேன். எனக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது என்று நீ கிண்டல் பண்ணுவாய்.

பிறகு அந்தப் படம் வந்தது. ஒரு காமிக்ஸ் வில்லன் எப்படி வில்லன் ஆனான் என்கிற கதை. பெரிய ஊரில் லிஃப்ட் இயக்குகிற ஓர் ஒல்லி மனிதன். மனநோய். ஏறுகிறவனும் இறங்குகிறவனும் அவனை மட்டம் தட்டுகிறார்கள். ஒருநாள் நசுங்கிய பால் டின்னைப் போன்ற தகர முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு ஆட்களைக் கொல்லத் தொடங்குகிறான். தமிழில் பேசவைத்திருந்தார்கள். மூன்று பேரும் மாலைக் காட்சிக்குப் போனோம்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவன் தன் மாத்திரைகளையெல்லாம் லிஃப்ட்டின் இடுக்கு வழியாகக் கீழே கொட்டுவான். ஒவ்வொரு மாத்திரையும் மெதுவாக விழும். பின்னணியில் முரசு. தியேட்டரே எழுந்து நின்று விசில் அடித்தது. கிழித்த காகிதம் பறந்தது. உன் சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது. நீ அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாய்.

"மாப்ள, நான் ஒருவாட்டி நிப்பாட்டுனப்ப வயித்துல சோறு நிக்கல, இடுப்புல வேட்டி நிக்கல. சுவத்தப் புடிச்சுக்கிட்டு அழுதேன். இவன் என்னடா, நிப்பாட்டுன ஒடனே நெஞ்ச நிமித்திக்கிட்டு சண்டைக்குப் போறான்?"

நான் சிரித்துவிட்டேன். முன்வரிசைப் பையன் திரும்பி, படம் பார்க்க விடுங்கண்ணே என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

வெளியே பரோட்டாக் கடையில் கார்த்திக்கும் கண் கலங்கியிருந்தது. உன் கையைப் பிடித்துக்கொண்டு, இது உனக்காகவே எடுத்த படம்டா என்றான். அவன் மனசு நோகக்கூடாது என்று நீயும், ஆமாம், ரொம்பப் பிடித்திருக்கிறது என்றாய். அவன் அதை அப்படியே நம்பினான்.

அந்த வாரம் முழுக்க ஃபோனைத் திறந்தால் அந்தப் படம்தான். வீடியோவில் ஒருவர் இது சமூகத்தின் கன்னத்தில் விழுந்த அறை என்றார். இன்னொருவர் இது மனநோயாளிகளைக் கொலைகாரர்களாகக் காட்டுகிறது, தடை செய்ய வேண்டும் என்றார். இருவருக்கும் பின்னால் ஒரேமாதிரி செடித்தொட்டி, ஒரேமாதிரி நீல விளக்கு. தன் தெருவில், தன் வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற ஒருவரைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தில் வலியில் துடிக்கிறவனைப் பார்த்து அழுகிறவன், வெளியே வந்ததும் என்ன செய்கிறான் என்று பார்க்காமல் அந்தக் கண்ணீரை நம்பக்கூடாது என்று உன்னிடம் சொன்னேன். நீ கேட்கவில்லை.

உன் கம்பெனியிலும் சாப்பாட்டு நேரத்தில் அதே பேச்சு. லேத் ஓட்டுகிற பெரியவர் ஒருவர், ஒரே ஒருத்தனாவது அவனிடம் நல்லபடியாகப் பேசியிருந்தால் அவன் இப்படி ஆகியிருப்பானா என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள். நீ டிபன்பாக்ஸை மூடிவிட்டு, எனக்கும் அந்தமாதிரி ஒண்ணு இருக்குண்ணே, நானும் மாத்திரை போடுறேன் என்று சொல்லிவிட்டாய்.

அன்று சாயங்காலம் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தபோது உன் குரலில் அத்தனை சந்தோஷம். "சொல்லிட்டேன் மாப்ள. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அந்தண்ணே முதுகுல தட்டிக் குடுத்தாரு. நீதான் ஆளுகள ரொம்பத் தப்பா நெனைக்கிற."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் உனக்கு என் முகம் தெரியவில்லை.

ஒரு வாரத்துக்குள் உன்னை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். உன் பாதுகாப்புக்காம். ஸ்பேனர் வைக்கிற பெட்டிக்குப் பூட்டு வந்தது. நீ சிரித்தால் ஒருவன் இன்னொருவனைப் பார்ப்பான். சிரிக்காமல் இருந்தாலும் பார்ப்பான். முதுகில் தட்டிக்கொடுத்தவர் சாப்பிடுகிற இடத்தை மாற்றிக்கொண்டார். ஒருநாள் உன் டிபன்பாக்ஸ் மூடியில் யாரோ சாக்பீஸால் எழுதிவைத்திருந்தார்கள். மரை கழண்டவன்.

அதை அழிக்காமல் கொண்டுவந்து எனக்குக் காட்டிச் சிரித்தாய். "போல்ட்டுக் கம்பெனில இருந்துக்கிட்டு அவய்ங்களுக்கு இதுகூடத் தெரியல பாரு. கழண்டா திருப்பி மாட்டிக்கிறலாம்டா. நான் தெனமும் அந்த வேலையத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்." சிரிப்பு அடங்கியபிறகு கேட்டாய். "ஆமா, அந்தத் தகர மூஞ்சிக்காரனுக்கு மட்டும் எதுக்குடா கை தட்டுனாய்ங்க?"

அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். அவன் திரைக்குள் இருந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சோறு தின்ன வேண்டியதில்லை. தவிர, அவன் கொன்றான். கொன்றதால் பெரிய ஆள் ஆனான். நீ யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றுமே செய்யாத நோயாளியை வைத்துக்கொண்டு இவர்கள் என்னதான் செய்வார்கள்?

நீ செத்ததுகூட அவர்களுக்குப் போதவில்லை.

உனக்கு வந்தது மஞ்சள் காமாலை. சோறு இறங்கவில்லை, படி ஏற முடியவில்லை என்றாய். பக்கத்துக் கிளினிக்குக்கு உன்னை நான்தான் கூட்டிப்போனேன். என்னென்ன மாத்திரை போடுகிறாய் என்று அந்த டாக்டர் கேட்டார். நீ பெயர்களைச் சொன்னதும் பேனாவை மூடினார். இது மனசு சம்பந்தப்பட்டது, உங்கள் டாக்டரையே பாருங்கள் என்றார். உன் கண்ணிமையை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. சில நாள் கழித்து, வாசல் வெயிலில் உன் கண்ணைப் பார்த்து அலறியது உன் அம்மாதான். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குள் ஈரல் கெட்டுப்போயிருந்தது.

சாவு வீட்டில் ஒவ்வொருவராக என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குரலை இறக்கினார்கள். உண்மையில் என்னப்பா? காமாலை என்றேன். அது சரி, மாத்திரையை நிறுத்திவிட்டானோ? இல்லை, காமாலை. எதையாவது குடித்துவிட்டானா? காமாலைண்ணே. ஒவ்வொரு முகத்திலும் ஓர் ஏமாற்றம் தெரிந்தது, மாப்ள. கிளைமாக்ஸ் இல்லாத படத்துக்கு வந்துவிட்டமாதிரி. உன்னைப் போன்றவனுக்குச் சாதாரணச் சாவு கிடையாது என்று அந்தப் படம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததா, இல்லை, அவர்கள் மனசில் ஏற்கெனவே கிடந்ததைத்தான் படம் காசாக்கியதா? இரண்டாவதுதான் என்று எனக்குச் சந்தேகம்.

இப்போது படத்தின் இரண்டாம் பாகம் வரப்போகிறது. அவனியாபுரத்துச் சுவரெல்லாம் தகர முகமூடி. கார்த்தி கட்டியிருந்த ஃபிளெக்ஸையும் பட விளம்பரம் என்று நினைத்து முதலில் தாண்டிப் போய்விட்டேன். ஏதோ உறுத்தி வண்டியைத் திருப்பினேன். வலது பாதி உன் முகம். இடது பாதி அந்த முகமூடி. பின்னால் நெருப்பு. கீழே கொட்டை எழுத்தில், 'எங்கள் வில்லனே, உன்னைப் புரியாத உலகம் இது'.

கார்த்தியை அங்கேயே வரவழைத்துத் தெருவில் வைத்துக் கத்தினேன். அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "மத்தவனுக்கெல்லாம் சிங்கம் போடுறோம், புலி போடுறோம். இவனுக்குப் புடிச்ச படம்னு இதப் போட்டேன். அவன் மாஸா இருக்கணும்னு நெனச்சது தப்பாடா?" என்று கேட்டு அழுதான். பரோட்டாக் கடையில் பார்த்த அதே கண்ணீர். அதை நான் சந்தேகப்பட்டேன். உன் பாடையைத் தூக்கிய தோள்களில் ஒன்று அவனுடையது என்பதும் ஞாபகம் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

சத்தம் கேட்டு உன் அம்மா வெளியே வந்தார். அந்தப் பக்கமே போகாமல் இருந்திருப்பார்போல. அப்போதுதான் அதை அண்ணாந்து பார்த்தார்.

"ஏப்பா, எம்மகன் மூஞ்சி பாதிதான இருக்கு. மீதி எங்க?"

திட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். கார்த்தி ஏணிகூடத் தேடவில்லை. சுவரைப் பிடித்து ஏறிக் கயிற்றை அறுத்தான்.

நேற்று கடையில் உன் கம்பெனி அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்தேன். ஊதிய கன்னம், தூக்கம் தெளியாத கண். கன்னத்தைக் கொஞ்சம் குறைத்துவிடவா, ஒல்லியாக இருந்தபோது அழகாக இருப்பானே என்றான் கார்த்தி. வேண்டாம், அது மாத்திரையில் வந்த கன்னம், அப்படியே இருக்கட்டும் என்றேன். மஞ்சள் காமாலையால் காலமானார் என்று போடச் சொன்னேன். அஞ்சலி ஃபிளெக்ஸில் யாராவது வியாதியைப் போடுவார்களா என்று கேட்டான். போடு என்றேன். போட்டான்.

மெஷின் இடமும் வலமுமாக ஓடியது. முடி வந்தது, நெற்றி வந்தது, பிறகு கண். வெள்ளைவிழி வெள்ளையாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இருந்தது. மூக்கு, இரண்டு கன்னம், வாய் எல்லாம் முழுசாக வந்தன. காமாலை வந்தது. அதற்குக் கீழே தோற்றம் என்று ஒரு தேதி. அடுத்தது மறைவு என்று வரவேண்டும். மரைவு என்று வந்தது.

கார்த்திக்கு எப்போதுமே ரவும் றவும் தகராறு. ஒரு கல்யாணத்துக்கு 'வறவேற்பு' என்று அடித்து மாப்பிள்ளை வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஆனால் இது உன் மரை. டிபன்பாக்ஸ் மூடியில் இருந்த அதே மரை. நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தேன்.

கார்த்தி மெஷினை நிறுத்தினான். என்னைப் பார்த்தபடியே ஓர் அடி பின்னால் நகர்ந்தான். மேஜைமேல் கிடந்த கட்டரை, தன்னையறியாமல், தன் பக்கமாக இழுத்துக்கொண்டான்.

ஓ, இதுதானா அது என்று நினைத்தேன். நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். நேற்றுத்தான் அந்தப் பார்வை என்மேல் விழுந்தது.

விரலால் எழுத்தைக் காட்டினேன். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கட்டரைக் கீழே வைத்தான். சிரித்தான், முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அவன் மட்டும் இருந்தா நம்மளக் கொன்னுருப்பான்டா" என்றான். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எழுத்தைத் திருத்தத் தொடங்கினான்.

கீழ்ப்பட்டையைத் திருத்தி அடித்து ஒட்டி, சாயங்காலம் கொண்டுபோய்க் கை எட்டுகிற உயரத்தில் கட்டினோம். உன் அம்மா வந்து பார்த்தார். முந்தானையால் உன் கன்னத்தில் இருந்த தூசியைத் துடைத்தார். காமாலை என்று பெரிதாகத்தான் இருக்கிறது. படித்துவிட்டுப் போகிறவர்களில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். இருந்தாலும் அவர்கள் தினமும் அதைப் படித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

வெட்டிப்போட்ட துண்டை நான் எடுத்துக்கொண்டேன். மரைவு. மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வாடை அதிலிருந்துதான் வருகிறது. இது என்ன என்று யாராவது கேட்டால் சொல்வேனா என்று தெரியவில்லை. கேட்கிறவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். நீ அப்படிப் பார்க்கவில்லை, மாப்ள. டிபன்பாக்ஸை மூடிவிட்டுச் சொல்லிவிட்டாய்.