கவர்னர் மாளிகையில் கேட்ட குரல்

குமாரபாளையம்,
1942, ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

என் கணவருக்கு, சாரதாமணி நமஸ்காரம் செய்து எழுதுவது.

நானும் அத்தையும் உயிரோடு இருக்கிறோம். தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால் வண்டிக்காரர் செங்கோடன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். தந்திக் கம்பி அறுத்த நாளிலிருந்து நீங்கள் ஒளிந்திருக்கும் இடம் அவருக்கு மட்டும்தான் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடித்துக் கேட்டால் தாங்குவேனோ என்னவோ.

உங்களைத் தேடி வந்தவர்கள் உங்கள் தம்பி கந்தவேலைத் தறியிலிருந்து எழுப்பிக் கொண்டுபோனது உங்களுக்குத் தெரியும். ஸ்டேஷனில் கேட்டால் அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்கிறார்கள். சங்ககிரிக்கு விறகு ஏற்றிப்போன செங்கோடன்தான், அங்கே கவர்னர் மாளிகையில் சிலரை அடைத்திருப்பதாகப் பேச்சு என்றார். மாளிகையின் பின்கட்டில் போலீஸ் முகாம். முன்கட்டை யுத்த நிதிக்காக டிக்கெட் வைத்து ஜனங்களுக்குக் காட்டுகிறார்கள். நேற்று நானும் அத்தையும் வேடிக்கை பார்க்கப் போகிறவர்களைப் போலப் போனோம்.

காவல்காரர் சின்னுசாமி சுற்றிக் காட்டினார். கும்பினிக் காலத்தில் சென்னையிலிருந்து கவர்னர் துரை வேட்டைக்கு வந்தால் தங்குவதற்குக் கட்டியதாம். அவர் படுத்த கட்டில், சுட்ட புலியின் தோல், காற்று வீசப் பங்கா இழுக்கிற கயிறு எல்லாம் அப்படியே இருக்கின்றன. சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலி, யாரோ இப்போதுதான் எழுந்துபோனது போலப் பின்னுக்குத் தள்ளிக் கிடந்தது.

அந்த அறையில் தரை முழுக்கக் கம்பளம். "இதுக்குக் கீழ நெலவறைங்க. வரி கட்டாதவங்கள அடைச்சு வெப்பாங்களாம். தொரை சாப்பிடறப்போ சத்தம் கேக்கக்கூடாதுன்னு கம்பளம் போட்டாங்க. இப்போ காலிதானுங்க" என்றார் சின்னுசாமி. சொல்லும்போதே வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரைப் பார்த்துக்கொண்டார்.

அப்போது கீழேயிருந்து ஓர் இருமல் கேட்டது.

நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அலறிவிடுவார் என்று வாயைப் பொத்தப் போனேன். அவர் அலறவில்லை. சந்தையில் பேசுவது போல உரக்க, "ஏனுங்க சாமி, கொமாரபாளையத்துலருந்து வாரோம். எம்பேரு மாரக்காளுங்க. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?" என்று கேட்டார்.

கம்பளத்துக்கு அடியிலிருந்து "ஆத்தா" என்று ஒரு குரல். கந்தவேல்தான். உடனே சுவரில் எதுவோ மோதிய சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் தாமே செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அத்தை குடித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு மெல்ல, "மூத்தவன் வந்து நின்னா, சின்னவன் அன்னைக்கே ஊட்டுக்கு வந்துருவானுங்க அம்மா" என்றார். அவ்வளவு மரியாதையாகப் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இருட்டுவதற்குள் வீடு திரும்பினோம். இன்று காலையில், உங்களை வரச்சொல்லி எழுதட்டுமா, வேண்டாமென்று எழுதட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன். "ரெண்டையும் எழுதாத சாமி. ரெண்டு பேரையும் நாந்தான் பெத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கந்தவேலின் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டார். இன்னும் எழுந்திருக்கவில்லை.

நமது தெருமுனையில் முன்பின் பார்த்திராத ஓர் ஆள் பீடி குடித்துக்கொண்டு நிற்கிறான். விளக்கு வைத்த பிறகு நாங்கள் கதவைத் திறப்பதில்லை.

ஒரு வேட்டியும் போர்வையும் செங்கோடனிடம் கொடுத்திருக்கிறேன். மழை பிடித்துக்கொண்டது, ஈரத்தில் படுக்காதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். எதைத் தீர்மானித்தாலும் ஒரு தடவை நன்றாகத் தூங்கி எழுந்து தீர்மானியுங்கள்.

திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் அண்ணன் தம்பி இருவரையும் காக்கட்டும். இருவருக்கும்தான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் விளக்கேற்றிக் கும்பிடும்போது உங்கள் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது. அத்தையிடம் இதைச் சொல்லவில்லை.

உங்கள்,
சாரதாமணி