கொப்புளத்தில் நின்றுபோன பொருத்தனை

என் உயிரான ரோசம்மா,

நீ இருக்கும் இடத்தில் யாருக்கும் கால் வலிக்காது என்று பங்குச் சாமியார் சொல்கிறார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான்தான் இங்கே இந்த வயதில் நடை பழகுகிறேன். தினமும் விடிந்ததும் சாந்தோம் கடற்கரைப் பக்கம் செருப்பில்லாமல் போய் வருகிறேன்.

கட்டுமரக்காரர்களுக்கு நான் ஒரு வேடிக்கை. "இன்னா வாத்தியாரே, செருப்ப எவனாச்சும் அட்ச்சிக்கினு பூட்டானா?" என்கிறான் ஒருவன். சிரித்துவிட்டுப் போகிறேன். உனக்குச் சொல்ல வேண்டியதை அவனிடம் எதற்குச் சொல்வேன்?

நம் திரேசா விஷச்சுரத்தில் கிடந்தபோது, அவள் பிழைத்தால் வீட்டிலிருந்து பரங்கிமலை மாதா கோயில் வரை வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று மாதாவுக்குப் பொருத்தனை வைத்தாய். பிள்ளை எழுந்து கஞ்சி கேட்டதுமே கிளம்பிவிட்டாய். சித்திரை வெயில் தணியட்டும் என்றேன். நீ கேட்டால்தானே!

மலையேறும் கால் சுத்தமாக இருக்க வேண்டுமாம். பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவுகிற பக்தியோடு, முதல் நாள் வெந்நீரில் காலை ஊறவைத்தாய். செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்தாய். மடத்துப் பள்ளியில் படித்த நாளிலிருந்து பூட்ஸும் காலுறையும் போட்டுப் பழகிய கால் அது. அதில் இருந்த கொஞ்ச நஞ்சத் தடிப்பையும் நீயே தேய்த்து எடுத்துவிட்டாய், அடி பைத்தியமே.

தேனாம்பேட்டை தாண்டியதும் தரை சுட்டது. காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாய். ஈரத்தில் தோல் இன்னும் இளகி, மண் ஒட்டி, நடக்க நடக்க உரசியது. சிவந்த உடனே உட்கார்ந்து, ஈரத்தைத் துடைத்துத் துணி சுற்றியிருந்தால் தப்பித்திருக்கலாம். நானும் சொன்னேன். "துணி கட்டினா அது வெறுங்காலாங்க?" என்று என் வாயை அடைத்தாய். சைதாப்பேட்டையில், மர்மலாங் பாலத்துக்கு இந்தப் பக்கம், கொப்புளமெல்லாம் உடைந்து நடைபாதையோரம் உட்கார்ந்துவிட்டாய். ஜட்கா பிடித்துத்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

கால் ஆறியது, மனசு ஆறவில்லை. மழைக்காலத்துக் காய்ச்சலில் கடைசியாகப் படுத்திருந்தபோதும் அதையேதான் கேட்டாய். "பாதியில திரும்பிட்டேனே, மாதா அத ஏத்துக்குவாங்களா?" அந்தக் கேள்வியோடேயே போய்விட்டாயே, ரோசம்மா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நடை பழகத் தொடங்கிய முதல் வாரம் எனக்கும் கொப்புளம் வந்தது. ஊசி எடுத்துக் குத்தாமல் விட்டேன். மேல்தோல் மூடியிருந்ததால் புண்ணாகாமல் தானே வற்றிவிட்டது. பிறகு ஈர மணலை விட்டுவிட்டு உலர்ந்த தரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினேன். இப்போது குதிகால் நன்றாகக் காய்த்துவிட்டது.

துணி சமாசாரத்தையும் சாமியாரிடம் கேட்டேன். "தாராளமா சுத்திக்கோ. மாதா என்ன, குனிஞ்சு உன் காலையா பார்க்கப்போறாங்க?" என்றார். இதை நீ கேட்டிருக்கக் கூடாதா?

நேற்று திரேசா என்னைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகத்தானே அம்மா நடந்தாங்க? மலைக்கு நானும் வருவேம்பா." வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன் பழைய சேலையைக் கிழித்து இருவருக்கும் துணி எடுத்து வைத்திருக்கிறாள்.

பொருத்தனை என்றால் முதலிலிருந்து நடப்பதுதான் முறை என்று உன் அண்ணன் சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வருகிற சனிக்கிழமை சைதாப்பேட்டை வரை நாங்கள் ஜட்காவில் போவோம். நீ உட்கார்ந்த இடத்தில் இறங்கிச் செருப்பைக் கழற்றுவோம். அதுவரைக்கும் நீ நடந்தாயிற்று. அதை இன்னொருவர் மறுபடி நடக்க வேண்டியதில்லை. மீதியை நாங்கள் நடந்து முடிக்கிறோம்.

இது சத்தியம்.

இப்படிக்கு,
நீ கூப்பிடுவாயே, அந்தத் திரேசா அப்பா