ஆத்துக்கு அந்தப் பக்கம்

அக். 23, வியாழன்

காலையிலிருந்து வெயில். ஆனா மேக்க மலையைக் காணோம். மேகம் அப்படியே மேல உக்காந்திருக்கு.

பெங்களூர் பஸ்ல சரவணனும் அவன் பொஞ்சாதி கவிதாவும் வந்து எறங்குனாங்க. கொழுந்தன் ரொம்ப இளைச்சுட்டான். ஆபீஸ்ல ராத்திரி ஷிப்டாம். நான் வாக்கப்பட்டு வந்தப்ப அரை டவுசர் போட்ட பய, இப்ப தலையில நரை. வந்ததும் வராததுமா, "மதினி, ஞாயித்துக்கிழமைதான கெடாவெட்டு? அதுக்குள்ள எல்லா எடத்தையும் பாத்துரணும். கவிதாவுக்கு நம்ம ஊரக் காட்டவே இல்ல"ன்னான். எல்லா எடமும்னா என்னத்த? இத்தன வருசம் ராஜபாளையத்துல இருக்கேன், எனக்கே ஒண்ணும் பாக்கணும்னு தோணல.

திட்டம்:
இன்னிக்கு ஆண்டாள் கோயில், பால்கோவா
வெள்ளி பிளவக்கல் அணை
சனி செண்பகத்தோப்பு
ஞாயிறு நம்ம காட்டுக் கருப்பன்

மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். நான் வேல பாக்குற கோர்ட்டுல காய்ச்சல்னு லீவு சொல்லியிருக்கேன். பால்கோவா கடையில திரும்புறேன், ஹெட் கிளார்க் நிக்காரு. கையில ரெண்டு கிலோ. "இப்ப தேவலையாம்மா?"ன்னாரு. "தேவல சார்"னேன். வேற என்னத்தச் சொல்ல. சரவணன் சிரிச்ச சிரிப்புல கடைக்காரரே எட்டிப் பாத்துட்டாரு.

கோயில்ல கவிதா கோபுரத்தப் பாத்து அசந்து நின்னுட்டா. நல்ல பிள்ளதான். பூக்காரம்மா மால கட்டிக்கிட்டே, "வெரசாப் பாத்துட்டுக் கெளம்புங்க, மேக்க கறுத்துக் கெடக்கு"ன்னா. கறுத்துச்சே தவிர ஒரு சொட்டு விழல.

எங்க வீட்டுக்காரவுக, இவிய, நடந்தது போதும்னு தேர்கிட்டயே உக்காந்துட்டாவ. மூச்சு வாங்குது. வாங்கலைன்னு சாதிக்காவ.

அக். 24, வெள்ளி

வெயில், புழுக்கம். ராத்திரி பூரா மலைப் பக்கம் இடி. ஊருல மழை இல்ல.

பிளவக்கல்லுக்கு வேன். டிரைவர் முத்து நல்ல பையன், பாட்டுத்தான் சத்தமா வைக்கான். வத்திராயிருப்பு தாண்டுனதும் தென்னந்தோப்பு, வயலு, பச்சைன்னா அப்படி ஒரு பச்சை. அதுக்குப் பின்னால அந்த மலை. கிட்டப் போகப் போக மேல விழுற மாதிரி இருக்கு. எனக்குப் பிடிக்கல. கவிதா, "எம்புட்டு அழகுக்கா!"ன்னா. எம்புட்டுன்னு சொல்லப் பழகிட்டா.

அணையில தண்ணி ஏறியிருக்கு. செவச் செவன்னு. கரையில ஒருத்தர் ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தாரு. ஆடு ஒண்ணுகூட தண்ணிப் பக்கம் எறங்கல, எல்லாம் மேட்டுலயே ஒட்டிக்கிட்டு நிக்குது. ஏன்னு சரவணன் கேட்டான்.

"மேல பெய்யுதுல்ல தம்பி. இங்க சுள்ளுனு வெயில் அடிக்கும், அங்க கொட்டும். ஓடையில எப்ப வரும்னு சொல்ல முடியாது. அதுகளுக்குத் தெரிஞ்சுருது."

கருப்பன் கோயில் ஆத்துக்கு அந்தப் பக்கம்ல. அதுவும் இதே மலைத் தண்ணிதான்.

அணைப் படியில இவிய நாலு எட்டு ஏறி நின்னுட்டாவ. மொகம் வெளுத்துப் போச்சு. ஒதட்டுல ரத்தமே இல்ல. போன வருசம் மதுரை ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப இதே மொகம். ஸ்டென்ட் வச்சு உள்ள இருக்கையில, வராந்தாவுல நின்னு கருப்பன்கிட்ட நான்தான் கேட்டேன். இவியள எந்திரிச்சு நடக்க வையி, கெடா வெட்டுதேன்னு. நடக்க வச்சுட்டான். டாக்டர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. ஓடக்கூடாது, வெயிட்டு தூக்கக்கூடாது, தண்ணியில எறங்கி எதுத்து நடக்கக்கூடாது. ஒண்ணே ஒண்ணுன்னு சொல்லிட்டு மூணு சொன்னாரு.

வேன்ல வரும்போது மெதுவாக் கேட்டேன். கெடாவெட்ட தையில வச்சுக்கிடலாமா, மழை முடியட்டும்னு.

"ஏட்டி, பட்டாளத்துல லடாக்ல நின்னவன் நான். இந்த ஓடைக்கா? பங்காளிகளுக்கெல்லாம் சொல்லியாச்சு. கருப்பனுக்குத் தேதி குறிச்சுட்டு மாத்துறதா?"

பொறவு இவிய ஒரு சன்னலப் பாத்தாவ, நான் ஒரு சன்னலப் பாத்தேன். சரவணன் நடுவுல உக்காந்து முறுக்கு தின்னான்.

அக். 25, சனி

மூட்டம். புழுக்கம் தாங்கல.

செண்பகத்தோப்புல சாம்பல் அணில் பாக்கணும்னு சரவணன் விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி விட்டுட்டான். போனா, ஃபாரஸ்ட்காரங்க செக்போஸ்ட்லயே நிறுத்திட்டாங்க. ஆத்துல தண்ணி வருது, இன்னிக்கு யாரையும் விடமாட்டோம்னு. ஒரு ஃபாரஸ்ட் கார்டு தணிஞ்ச குரல்ல, "மலையில ரெண்டு நாளா நிக்காமப் பெய்யுது சார், கோவிச்சுக்காதீங்க"ன்னாரு. சரவணன் மொகம் சுண்டிப் போச்சு. ரோட்டோரத்து மாமரத்துல ஒண்ணு வால் மட்டும் தெரிஞ்சதுன்னு சாதிச்சான். சாதா அணிலாத்தான் இருக்கும்.

இவியளப் பாத்தேன். கேட்டீங்களான்னு கண்ணால கேட்டேன். காதுல விழாத மாதிரி இருந்தாவ.

கெடா வந்துருச்சு. கறுப்பு, ஒரு காது மட்டும் வெள்ள. கொல்லையில கட்டியிருக்கு. கவிதா அகத்திக்கீர குடுத்துக்கிட்டே இருக்கா. "பேரு வச்சுராத"ன்னு சரவணன் சொன்னான். அவனே போய் தல தடவிட்டு வந்தான். "வெட்டும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிருவேன் மதினி, அண்ணன்ட்ட சொல்லிராதீங்க."

வாங்குனது: கரி, விறகு, எல, மசாலா, எலுமிச்சம்பழம், மாலை மூணு. எங்களுக்கு புளியோதரை தனியா.

கவிதாவுக்கு முறை சொல்லிக் குடுத்தேன். பொம்பளைக ஆத்தத் தாண்டிப் போவக் கூடாது, இக்கரையில இருக்கணும். ஆம்பளைக அங்கயே வெட்டி, அங்கயே சமைச்சு, அங்கயே சாப்பிடணும். ஒரு துண்டு எலும்புகூட ஆத்தத் தாண்டி இந்தப் பக்கம் வரக்கூடாது. மிச்சத்தக் குழி தோண்டிப் பொதச்சிரணும். பந்தியில உக்காந்தவுக எல மூடுற வரைக்கும் எந்திரிக்கக்கூடாது.

"எந்திரிச்சா?"ன்னு கேட்டா.

எந்திரிச்சவங்க யாருமில்லன்னேன். நெசமும் அதுதான். என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது.

அக். 26, ஞாயிறு, காலை

மலை தெளிஞ்சிருக்கு. ஒரு பொட்டு மேகமில்ல. அப்பாடி. இவியளும் நல்லாத் தூங்கி எந்திரிச்சாவ, மூச்சு சீரா இருக்கு. நான்தான் வீணா மனசப் போட்டு அலட்டிக்கிட்டேன்.

மாத்தர எடுத்தாச்சு. வேன் வந்துருச்சு. போறோம்.

அக். 27, திங்கள்

என்ன எழுத. எழுதாட்டித் தல வெடிச்சுரும் போல இருக்கு.

நேத்து அங்க போனப்ப ஆத்துல கணுக்கால் தண்ணி. கண்ணாடி மாதிரி. கெடாவத் தூக்கிட்டு ஆம்பளைக தாண்டிப் போனாங்க. இவியளக் கையப் பிடிச்சு சரவணன் கூட்டிட்டுப் போனான். அந்தப் பக்கம் மேடு, அரசமரம், கருப்பன் அருவா. இந்தப் பக்கம் நானும் கவிதாவும் பங்காளி வீட்டுப் பொம்பளைக ரெண்டு பேரும். கவிதாவுக்குத் தலவலி, வேன்ல போய்ப் படுத்துக்கிட்டா.

உச்சி வெயில். மேல பாத்தா நீலம். அக்கரையில எல போட்டு வரிசையா உக்காந்துட்டாங்க. இவிய மூணாவது எல, பக்கத்துல சரவணன். நான் தட்டுக் கழுவ எறங்குனேன். தண்ணி கலங்கியிருந்துச்சு. நொர மெதந்து வருது, சருகு வருது. மண்ணு வாட. ரெண்டு நாளைக்கு முன்ன ஆட்டுக்காரர் சொன்னது நெஞ்சுல அடிச்சுச்சு.

எனக்கு ஒரே நெனப்பு. இவிய அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா? ராத்திரி காட்டுல கெடந்தா? பொறவு எதுத்து நீந்தி வாரேன்னு எறங்குனா? அந்த நெஞ்சு தாங்குமா? இப்பவே, கணுக்கால்ல இருக்கும்போதே வந்துரணும்.

"ஏங்க, ஏங்க"ன்னு கத்துனேன். கேக்கல. எத்தன ஏங்க இருக்கு அங்க. பேரச் சொல்லிக் கத்தியிருக்கணும். கட்டுன நாள்ல இருந்து இவிய பேர நான் வாய்விட்டுச் சொன்னதில்ல. ரேசன் கடையில கேட்டாக்கூடக் கார்டத்தான் நீட்டுவேன். அதுவும் கருப்பன் முன்னால, பந்தியில உக்காந்திருக்கும்போது, பொஞ்சாதி புருசன் பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஆயுசு கொறையும்பாங்க. இவிய ஆயுசுக்குத்தான அந்தக் கெடாவே. நாக்கு எழும்பல.

அதனால, "சரவணா! ஏ சரவணா! அண்ணனக் கூட்டிட்டு வா!"ன்னு கத்துனேன். நான் வளத்த பய. அவன் பேரு வாயில தன்னால வந்துரும்.

அவன் திரும்பிப் பாத்தான். நான் தண்ணியக் கையக் காட்டுனேன். அண்ணன் காதுல என்னமோ சொன்னான். இவிய கையத் தூக்கி, இரு, சாப்பிட்டு வாரோம்னு காட்டுனாவ. சரவணன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தான். பொறவு எலய அப்படியே விட்டுட்டு எந்திரிச்சான். பூசாரி என்னமோ அதட்டுனாரு. அவன் சிரிச்சுக்கிட்டே கையக் கழுவிட்டு எறங்கி வந்தான். என்ன சங்கதின்னு எங்கிட்டக் கேக்கத்தான் வந்திருப்பான்.

அப்ப முழங்கால் தண்ணி. பாதி ஆத்துல ஒரு பாற இருக்கு, அதுல ஏறி நின்னான். "என்ன மதினி?"ன்னான்.

நான் பதில் சொல்றதுக்குள்ள மேல இருந்து லாரி வார மாதிரி சத்தம். தண்ணி வரல, சுவரு வந்துச்சு. மரத்தோட, கல்லோட. பாறயக் காணோம். அவனயும் காணோம். சட்ட கூடத் தெரியல.

இவிய எந்திரிச்சு ஓடி வந்தாவ. பங்காளிக நாலு பேரு கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அங்க மேடு, அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. சாயங்காலம் ஃபயர் சர்வீஸ்காரங்க கயிறு கட்டி ஒவ்வொருத்தரா இந்தப் பக்கம் கொண்டு வந்தாங்க. இவியளத் தூக்கிட்டே வந்தாங்க. நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல. உக்காந்த எடத்துலயே இருந்திருந்தா அவனும் இப்படித்தான் கயித்தப் பிடிச்சுட்டு வந்திருப்பான்.

ஆத்துத் தண்ணி பூரா கீழ கண்மாய்க்குத்தான் போகுமாம். நேத்துல இருந்து தேடுறாங்க. இன்னும் கெடைக்கல.

வீட்டுக்கு வாரவுக எல்லாம் ஒண்ணே போலச் சொல்லுதாங்க. "பந்தியில பாதியில எந்திரிக்கலாமா? கருப்பன் பொறுப்பானா?" பங்காளி வீட்டுப் பொம்பளைக ரெண்டும் அங்கதான் இருந்துச்சுக, நான் கத்துனதக் கேட்டுச்சுக. இங்க வந்து தரையவே பாத்துக்கிட்டிருந்துச்சுக.

போலீஸ்காரர் எழுதிக்கிட்டே கேட்டாரு, அவரு ஏன் எந்திரிச்சு வந்தாரு, யாரும் கூப்பிட்டாங்களான்னு.

"யாரும் கூப்பிடல சார். அவனாத்தான் எந்திரிச்சுப் போனான்"ன்னு இவிய சொன்னாவ. எம் பக்கம் திரும்பவே இல்ல.

கவிதா சொவத்தப் பாத்துப் படுத்திருக்கா. தண்ணிகூடக் குடிக்கல.

அக். 28, செவ்வாய்

மழை. இன்னிக்குத்தான் ஊருக்குள்ள பெய்யுது.

இவிய விடியும்போதே கண்மாய்க்குப் போயிட்டாவ. போகக்கூடாதுன்னேன். கேக்கல. ஞாயித்துக்கிழமையில இருந்து எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல. என்னயக் காப்பாத்தப் பொய் சொன்னாவளா, தம்பியக் கேவலப்படுத்தக்கூடாதுன்னு சொன்னாவளா, தெரியல. எதுவா இருந்தாலும் எனக்கு வேண்டாம். அந்தப் பொய்ய வச்சுக்கிட்டு கவிதா மொகத்துல முழிக்க முடியாது.

கவிதாவோட அம்மாவும் அப்பாவும் பெங்களூர்ல இருந்து வந்துக்கிட்டிருக்காங்க. அவங்க வந்துட்டாச் சொல்ல முடியாமப் போயிரும். இப்பவே சொல்லிரணும்னு காப்பியக் கொண்டு போய் வச்சேன். பக்கத்துல உக்காந்தேன்.

"கவிதா, அவன் தானா வரல. நான்தான் கூப்பிட்டேன். இவியள வரச் சொல்லத்தான். இவிய பேரச் சொல்ல வாய் வரல, அவன் பேரச் சொல்லிட்டேன். எம் புருசனுக்கு ஆபத்துன்னு உன் புருசன எறக்கிவிட்டுட்டேன்."

என்னய அடிச்சாத் தேவலன்னு இருந்துச்சு.

அவ சொவத்தப் பாத்துக்கிட்டே சொன்னா. "தெரியும்க்கா. வேன்ல கேட்டுச்சு. நல்லதாப் போச்சு, சீக்கிரம் வந்துட்டா வீட்டுக்குப் போயிரலாம்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

அவ முதுகத் தடவுனேன். தள்ளிவிடல.

போன் அடிச்சுச்சு. இவிய. மழச் சத்தம், ஆளுக சத்தம். ரெண்டு நாளைக்குப் பொறவு எங்கிட்டப் பேசுன மொத வார்த்த.

"கவிதாவக் கூட்டிக்கிட்டு கண்மாய்க்கு வா."