முதல் சொட்டு

பொம்மனஹள்ளி

அன்பு மகள் ஜெனிஃபருக்கு, கர்த்தர் தயவில் இங்கே எல்லாரும் மூச்சோடு இருக்கிறோம், பேத்தி சின்னவளும் சேர்த்துத்தான். அந்தக் குளிர் ஊரில் நீ எப்படி இருக்கிறாய் என்று அறிய ஆசை. நான் சொல்லச் சொல்ல உன் தம்பி சாமுவேல் எழுதுகிறான்.

குஜராத்தில் பூமி அதிர்ந்த மறுமாதம் நம் கோலார் சுரங்கத்தை மூடினார்களே, அந்த வாரம்தான் ஏழாம் மாதத்திலேயே உன் குட்டித் தம்பி பிறந்தான். உனக்கு எட்டு வயது. மூன்று வயது சாமுவேலை ஆனேக்கல் சித்தி வீட்டில் விட்டிருந்தோம். வழக்கப்படி நான்தான் சேனை வைத்தேன், விரலால் தொட்டு நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர். மூன்றாம் நாள் போய்விட்டான். இப்போது சாமுவேலின் பெண்ணும் ஏழாம் மாதத்தில் பிறந்திருக்கிறாள், தொள்ளாயிரம் கிராம். உன் வேலையைக் குறைமாதக் குழந்தைகளுக்குத் துணி மாற்றும் வேலை என்றே எல்லாரிடமும் சொல்லிவந்தேன், மன்னித்துக்கொள். நர்ஸுக்கு மேலே, டாக்டருக்குப் பக்கத்தில் என்று நீ போனில் விளக்கியபோது, அப்படி ஒரு படி எந்த ஏணியிலும் கிடையாது என்று கேலி செய்தேன். இங்கே ஆஸ்பத்திரியில் ஸ்ரீலக்ஷ்மி சிஸ்டர் வெளிநாட்டில் உன் படிப்பைப் படித்தவளாம். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். தொப்புள் வழியாக நூல் போன்ற குழாயை அவளே இறக்கினாள். மிஷின் கத்தும் முன்னே குழந்தையின் நிறத்தைப் பார்த்தே எழுந்து ஓடினாள். சுரங்கத்தில் பாறை வெடிக்கும் முன் அதன் முனகலைக் கேட்டு ஓடிவந்தவன் நான், அந்தக் காது வர எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. இவள் முகத்தில் இன்னும் பரு காயவில்லை.

இரண்டாம் நாள் வேட்டி முடிச்சில் சர்க்கரை கொண்டுபோனேன். கண்டுபிடித்துவிட்டாள். ஐயோ தாத்தா, பேடா பேடா, வேண்டாம், குடல் இன்னும் சுடாத பானை மாதிரி, தாங்காது என்றாள். திட்டுவாள் என்று நின்றேன். முழங்கை வரை கழுவச் சொல்லி, மருமகள் ஸ்னேஹாவின் சீம்பாலில் ஒரு சொட்டு பஞ்சுக் குச்சியில் நனைத்து என் கையில் கொடுத்தாள். வைங்க தாத்தா, இதான் இவளுக்குச் சேனை என்றாள். வெடிமருந்து திணித்த கையால் அதை அவள் உதட்டில் வைத்தேன். சின்னவள் நாக்கைச் சுழற்றினாள். நேற்றோடு பதினாறு நாள், மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நான் வைத்த சர்க்கரைத் தண்ணீர்தான் அவனைக் கொண்டுபோயிற்றா? இங்கே சாமுவேல் பேனாவை வைத்துவிட்டான், எழுதுடா என்றேன். ஸ்ரீலக்ஷ்மியிடம் கேட்க வாய் வரவில்லை. நீ தெரிந்தவள், தகப்பன் என்று பார்க்காமல் பதில் எழுது.

கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும். வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே. உன் குட்டித் தம்பியின் முகத்தைப் பார்த்தவர்களில் பிரசவம் பார்த்த எல்லம்மா போனாள், உன் அம்மா போனாள், எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. எனக்கப்புறம் அவனைப் பார்த்தவள் என்று நீ ஒருத்திதான், ஜெனிஃபர்.

உன் அப்பா
மாசிலாமணி, கைநாட்டு