எதிர்வீட்டிலிருந்து மேல் 'தோ'

16 ஜனவரி 1968

காலையில் மழை. தகரக்கூரை ஓய்ந்த பிறகு என் பித்தளை ஊதுகருவியான கொர்னெட்டைத் துடைத்து எண்ணெய் விட்டேன். மாலையில் ஒத்திகை. மார்ச்சில் எங்கள் தீவு விடுதலை பெற்றுக் கொடி ஏறும் நாளன்று பள்ளி மைதானத்தில் எங்கள் ஊர் ரோஷ் புவா பேண்டு வாசிக்கிறது. மெட்டு முடிவது மேல் 'தோ'வில், நம் மேல் ஸட்ஜம் போல. அது முதல் கொர்னெட் ஆன்றிக்கு. இரண்டாவது கொர்னெட் நான், அவனுக்குக் கீழே 'சோல்', அதாவது பஞ்சமம், பிடிக்க வேண்டும். என் உயரமும் அந்த சோலோடு சரி. அதையும் இன்று ஒரு நொடி பிந்திப் பிடித்தேன்.

"செகோன், சாவு வந்தாலும் நீ பிந்தித்தான் போய்ச் சேருவே!" என்றான் ஆன்றி. எல்லாரும் சிரித்தார்கள். செகோன், இரண்டாம் ஆள். அதுவே என் பெயராகிவிட்டது.

26 ஜனவரி

நகரில் தொடங்கிய கலவரம் எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. எதிர்வீட்டு ஆன்றியும் தங்கை ஜோசெட்டும் சாமான்களோடு லாரியில் ஏறினார்கள். பிளேன் மாக்னியனில் உறவுக்காரர் வீடு இருக்கிறதாம். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

லாரியிலிருந்து கத்தினான்: "செகோன்! அந்தத் தோவை விட்டுடாதே. கொடி பாதியிலேயே நின்னுடும்!"

28 ஜனவரி

பேண்டுத் தலைவர் நாகலிங்கம் வந்தார். "ஆன்றி இல்லேன்னா மெட்டையே கீழே இறக்கிடலாம் மிசியே. யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியும். நான் முயன்று பார்க்கிறேன் என்றேன். சொன்னது என் வாய்தானா?

"இந்த வயசுலேயா?" என்றார். பிறகு, கடைசி ஒத்திகை வரை பார்க்கலாம் என்று போய்விட்டார்.

30 ஜனவரி

ஆன்றியின் முறை: உதட்டோடு அழுத்தி ஏறினால் இன்று ஏறலாம், நாளை உதடு செத்துவிடும். அதனால் கொர்னெட்டை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டேன். சுரத்துக்கு வேண்டிய பொத்தான்களை நூலால் அழுத்திக் கட்டிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உதடு மட்டும் தொட்டு ஊத வேண்டும். அழுத்தினால் கொர்னெட் விலகி ஆடும். மூச்சும் உதட்டோரப் பிடிப்பும்தான் சுரத்தை ஏற்ற வேண்டும். ஊதிய அளவுக்கு ஓய்வு.

பாக்கியம் எட்டிப் பார்த்தாள். "என்ன இது, பால் குடிக்கிற கன்னுக்குட்டி மாதிரி?" என் மனைவி சிரித்துப் பல நாளாயிற்று.

4 பிப்ரவரி

சோல் சுத்தமாக நின்றது. ஓய்வில் உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டிலிருந்து மெல்ல, நீளமாக ஓர் ஊதல். என் சுரத்துக்கு அரைச் சுரம் மேலே.

எதிரொலியா? எதிரொலி மேலே ஏறாது.

9 பிப்ரவரி

நானும் அரைச் சுரம் ஏறினேன். அதுவும் ஏறியது. எப்போதும் என் ஓய்வில்தான் வருகிறது. நான் ஊதும்போது அது ஓய்வெடுக்கிறது. இங்கிருந்தே கதவு தெரிகிறது. பூட்டு வெளியே தொங்குகிறது. போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான். நாளை.

10 பிப்ரவரி

போகவில்லை.

17 பிப்ரவரி

சோலுக்கு அடுத்த 'லா' பிடிபட்டுவிட்டது. ஓய்வில் கண்ணை மூடியிருந்தேன். அடுப்படியிலிருந்து பாக்கியம் கேட்டாள்: "ஆன்றி எப்போ திரும்பினான்? நல்லா வாசிக்கிறானே!"

அப்படியானால் கெட்டுப்போனது என் காதில்லை. நிம்மதி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நிம்மதி இல்லை. ஆன்றி திரும்பவில்லை என்பதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். இதை அவளால் படிக்க முடியாது, வீட்டில் பேசுவது தீவின் மொழிதான், தமிழ் அவளுக்கு மனப்பாடமான தேவாரத்தோடு சரி.

24 பிப்ரவரி

இன்று அவன் வேலி வரை போனேன். ஜன்னல் பலகைகள் ஆணியடித்தபடியே இருக்கின்றன. படியில் மழைச்சேறு, காலடி எதுவும் இல்லை. உள்ளே யாரோ மூச்சு இழுத்தார்கள். ஊதுவதற்கு முன் அடிவயிற்றிலிருந்து இழுக்கும் மூச்சு அது. இழுத்தவர் விடவில்லை. எனக்காகக் காத்திருந்தது போல...

ஓடி வந்துவிட்டேன். இந்த வயதில் ஓட்டம்!

2 மார்ச்

தோவுக்கு ஒரு படி கீழே உள்ள 'சி' வந்துவிட்டது. அது மேல் தோவை ஊதியது. அதற்கு மேல் ஏறவில்லை. அங்கேயே நின்றுகொண்டு கூப்பிடுகிறது.

5 மார்ச்

தையல் மெஷினை எடுத்துப்போக ஜோசெட் வந்தாள். ஆன்றி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"லாரி தெருமுனையிலே திரும்பறப்போ கல்லு விழுந்திச்சு மிசியே. முன்பல்லு போச்சு. கொர்னெட்டும் நசுங்கிப்போச்சு. இனிமே அவனாலே ஊத முடியாது." பைக்குள் சாவியைத் தேடி எடுத்தாள். "ஆனா சாயங்காலமானா சுவரைப் பார்த்து உக்காந்துக்கிறான். கையைப் பின்னாலே கட்டிக்கிட்டு, மூச்சிழுத்து, உதட்டைக் குவிச்சு ஊதுறான். சத்தமே இல்லே. அப்புறம் தலையைச் சாய்ச்சு எதையோ கேக்குறான். இன்னும் மேலே, இன்னும் மேலேங்கிறான். யார்கிட்டே சொல்றான்னே தெரியலே."

பூட்டைத் திறந்தாள். மெஷினைத் தூக்கிக்கொடுக்க நானும் உள்ளே போனேன். எங்கும் தூசி. தரையின் நடுவில் ஒரே இடத்தில் மட்டும் ஈரப் பொட்டுகள். ஊதி முடித்தபின் கொர்னெட்டிலிருந்து சொட்டும் நீர் அப்படித்தான் விழும்.

ஜோசெட் அண்ணாந்து கூரையில் ஓட்டையைத் தேடினாள்.

8 மார்ச்

கடைசி ஒத்திகை. தோ உடைந்து சிதறியது. நாகலிங்கம் கையை உயர்த்தினார். "போதும் மிசியே, கீழே இறக்கிடலாம்."

"இல்லை" என்றேன். எல்லார் முன்னாலும் நான் இப்படிச் சொன்னதே கிடையாது. அவரும் அதற்குத்தான் திகைத்திருக்க வேண்டும்.

"சரி. உடைஞ்சா உங்க தலையிலேதான்."

12 மார்ச்

கொடி ஏறியது. கொர்னெட் கயிற்றில் தொங்குவதாக நினைத்துக்கொண்டு விரல்களைத் தளர்த்தினேன். தோவுக்கு முன்னால் இருக்கும் சின்ன ஓய்வில் என் காது எதிர்வீட்டைத் தேடியது. அது கூப்பிடவில்லை. எனக்கு முன்னால் யாருமே இல்லை.

ஊதினேன். தோ வந்தது. கொடி உச்சிக்குப் போய் விரியும்வரை நின்றது.

கூட்டம் கொடிக்காகக் கத்தியது. பாக்கியம் எனக்காக அழுதாள்.

13 மார்ச்

நாகலிங்கம் வீடு தேடி வந்து கையைக் குலுக்கினார். போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "செகோன் இடத்துலே எனக்குத் தெரியாம யாரை நிறுத்தினீங்க? கீழே சோல் கேட்டுதே. கொஞ்சம் பிந்தித்தான் வந்தது."

நான் யாரையும் நிறுத்தவில்லை. சிரித்து மழுப்பிவிட்டேன்.

மாலையில் கயிற்றை அவிழ்க்கலாம் என்று போனேன். அவிழ்க்காமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து மேல் தோவை ஊதினேன். இந்த முறை அது என் ஓய்வுவரை காத்திருக்கவில்லை. நான் ஊதிக்கொண்டிருக்கும்போதே, ஒரு நொடி கழித்து, சோல் எனக்குக் கீழே வந்து சேர்ந்தது.

வேண்டுமென்றே பிந்துகிறான், படுபாவி.