கை தூக்கியவர்கள் கொடுத்த ஜாம்

அன்புள்ள டேரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு இருமல் விட்டுவிட்டது. சிறையில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? "வெளிய வந்தா நம்ம ஊருக்கு வரலம்மா, என்னால உனக்கு எதுக்குத் தலைகுனிவு" என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன்.

தோட்டச் சங்கத்தில் காய்கறி போட எனக்குக் குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறதல்லவா, அதில் பாதியை உன் பேருக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். தலைவர் ஜெஃப்ரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "மோரீன், எனக்குன்னு ஆட்சேபம் ஒண்ணும் இல்ல. ஆனா நாப்பது பேரோட நிம்மதியப் பாக்கணுமில்ல?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே ஜெஃப்ரிதான் வியாழன்தோறும் நூலகத்தில் விக்டோரியா மகாராணி காலத்துத் தத்துவப் புத்தகம் ஒன்றை எங்களுக்கு வாசித்துக் காட்டுகிறவர். சங்கத்தில் பாதிப் பேர் அங்கேயும் வருவார்கள். ஒருவன் அடுத்தவனுக்குக் கெடுதல் செய்யாதவரை, பிடிக்கவில்லை என்பதற்காக ஊர் கூடி அவனை அடக்கக் கூடாது என்று போன வாரம்தான் படித்தோம். "அடடா, இன்னிக்கும் எவ்வளவு பொருந்துது!" என்று பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

எழுந்து கேட்டுவிட்டேன். "என் பையன் வண்டி திருடினான், தண்டனைய அனுபவிச்சிட்டு வர்றான். அவன் கிழங்கு தோண்டினா உங்களுக்கு என்ன கெடுதல்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க." பக்கத்து நிலத்து ஜாய்ஸ் மட்டும், "கெடுதல்னு இல்ல, ஒரு மாதிரி இருக்குமே" என்றாள். "ஒரு மாதிரி இருக்கிறதெல்லாம் கெடுதல்னா உன் தொப்பியத்தான் முதல்ல தடை பண்ணணும்டி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, ஓட்டெடுப்பில் எனக்கு எதிராகக் கையும் தூக்கினார்கள்.

வேடிக்கையே அப்புறம்தான். மறுநாள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து, "மனசுல வச்சுக்காத மோரீன்" என்று ஜாம் பாட்டிலை நீட்டினார்கள். நம் ஆட்களைத்தான் தெரியுமே, கழுத்தை அறுத்தாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அறுப்பார்கள். அத்தனையையும் கூடையில் அடுக்கிக்கொண்டுபோய் வியாழக்கிழமை நூலக மேஜையில் வைத்தேன். "இது எனக்கு வேண்டாம். அந்தப் புத்தகத்துல இருக்கிறபடி நடங்க, இல்லேன்னா அத மூடி வைங்க" என்றேன். ஜெஃப்ரியின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்துவிட்டது.

தீர்மானம் மாறவில்லை. நீ கால் வைத்தால் என் நிலம் முழுவதையும் பறித்துவிடுவார்களாம். பறிக்கட்டுமே! யாரும் வருமுன் விடியற்காலையில் பின்வழியாகப் போய், உன் பாதியில் உருளையும் வெங்காயமும் நட்டுவிட்டேன். உனக்கென்று ஒரு மண்வெட்டியும் வாங்கியாயிற்று.

இப்போது என் பதில். தலைகுனிவாம், தலைகுனிவு! கிழங்கு தோண்டுவதைத் தவிர வேறெதற்கும் நான் குனியமாட்டேன். நீ வேறு ஊருக்குப் போனால் அந்த நாற்பது பேர் சொன்னது சரி என்றாகிவிடும். விடுதலையானதும் நேராக இங்கே வரும் ரயிலில் ஏறு. பட்டப்பகலில், சங்கத்தின் பெரிய கேட் வழியாகவே, நீயும் நானும் சேர்ந்து உள்ளே போவோம். தனியாகப் போக எனக்குத் தைரியமில்லை. வந்துவிடடா, கண்ணு.

எப்போதும் உன் பக்கம் நிற்கும்,
அம்மா