இரண்டு கையும் மேலே

ஜூன் 8

போனை எடுக்காத பெருமகனான என் அண்ணாவுக்கு,

வாலு எழுதுவது. நான் நலம், அம்மா நலம், அப்பா நலம், ஸ்பீக்கர் நலம். உன் நலம்தான் தெரியவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வருகிறது. கட்டைவிரலோடு எவ்வளவு காலம் உறவு கொண்டாடுவது? "கடுதாசி போடு, பதில் எழுதறேன்" என்று நீதான் சொன்னாய். போட்டுவிட்டேன், படித்துத் தொலை.

கோடை விடுமுறைக்குக் கல்லூரிகளை மூடிவிட்டார்கள், பூங்காவைத் திறந்துவிட்டார்கள். ஊருக்குப் போகாத வெளிநாட்டு மாணவர்கள் வழக்கம்போல வாரத்துக்கு ஒரு நாட்டுக்காரர்களாக மேடையைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த வாரம் முரசுக் கூட்டம். ஆளுக்கொரு முரசு, ஆளுக்கொரு தாளம், எங்களுக்கு மட்டும் பொதுவாக ஒரு தலைவலி. அடுத்த வாரம் குழல். ஊதுகிறவனைவிடக் குழல் உயரம். எது எதை ஊதுகிறது என்று தூரத்திலிருந்து தெரியாது. கோடை முழுக்க உலகமே நம் பூங்காவுக்கு வந்து பாடிவிட்டுப் போகிறது. நாம் மைக் செட் போட்டுவிட்டு ஒயர் சுற்றுகிறோம்.

அப்பா களைத்துவிட்டார். வாயால் சொல்ல மாட்டார். ஏணியில் பாதி ஏறி நின்று, எதற்கு ஏறினோம் என்று யோசிக்கிறார். நீ நின்ற இடத்தில், மைதானத்தின் கடைசி மரத்தடியில், இப்போது நான். அப்பா மேடையிலிருந்து மைக்கில் பேசுவார். நான் கேட்டுவிட்டு, ஒரு கையைத் தூக்கினால் இன்னும் ஏத்து. கையைக் கீழே அமுக்கினால் இறக்கு. இரண்டு கையும் மேலே என்றால் போதும், நல்லா கேக்குது. உன் சட்டத்தை உனக்கே சொல்கிறேன், நான் ஒழுங்காகப் படித்துவிட்டேன் என்று நீ நம்ப வேண்டுமே!

ஆனால் அப்பா மைக்கில் என்ன கேட்கிறார் தெரியுமா? நிற்பது நான். கேட்பது, "பெரியவனே, கேக்குதா?" வாய்ப் பழக்கமாம். போன கோடையில் நீ இரண்டு கையையும் தூக்கி, மைக் கீச்சென்று கத்தி, மேடையில் இருந்த பாட்டுக்காரர்கள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டபோது, "காத எங்கடா வெச்சிருக்க?" என்று கேட்டதும் இதே வாய்தான். நீ மட்டும் சும்மாவா இருந்தாய்? "உங்க ஓட்ட ஸ்பீக்கரோட நீங்களே இருங்க" என்று பெட்டியைத் தூக்கினாய். ஸ்பீக்கருக்குக் கோபம் எப்போதோ போய்விட்டது. அப்பாவுக்கும்தான் என்று நினைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் சேர வேண்டும். மேடையிலும் மரத்தடியிலும் அப்பா ஒருவரே நிற்க முடியாது. நீ வந்தால் நான் மாணவி. நீ வராவிட்டால் நான் ஒயர். அவ்வளவுதான்.

ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாடகி அக்கா, உங்கள் மொழியில் மாலை வணக்கத்தை எப்படிச் சொல்வது என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். மேடையேறி, நெஞ்சில் கை வைத்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்: "எப்பப்பா முடிப்பீங்க?" கூட்டத்தில் இருந்த நம் தமிழ்ப் பிள்ளைகள் புல்லில் உருண்டார்கள். அப்பா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

உன் தங்கை,
வாலு

அம்மா கேட்கச் சொன்னாள்: சாப்பிட்டியா?


ஜூன் 20

அன்பு வாலுவுக்கு,

கடிதம் வந்தது. உனக்கு இடம் கிடைத்ததில் சந்தோஷம். இடம் கொடுத்த கல்லூரியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

ஸ்டூடியோவில் வேலை அதிகம். போனை எடுக்க முடியவில்லை, தப்பாக நினைக்காதே. எழுது. உன் எழுத்தில் உன் குரல் எனக்கு நன்றாகக் கேட்கிறது.

வருவதைப் பற்றிப் பார்க்கிறேன். அப்பாவை ஏணியில் ஏற விடாதே. நீயும் ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்காதே. மேடைக்குத் தண்ணீர் கொண்டுபோனால்கூடப் பின்பக்கமாகச் சுற்றிப் போ. சிரிக்காதே, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அம்மாவிடம் சொல்: சாப்பிட்டேன்.

பெரியவன்


ஜூலை 7

"பார்க்கிறேன்" என்று எழுதிவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணாவுக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. விடுதி வாசலில் நாளெல்லாம் நின்று மாணவர்களுக்குச் சாவி கொடுத்துவிட்டு வருகிற அம்மா, வந்ததும் வாளித் தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்துவிடுகிறாள். பக்கத்தில் அப்பா. இருவரும் பேசுவதில்லை. சண்டை இல்லை, பேசத் தெம்பில்லை. எனக்கே குறும்பு செய்ய அலுப்பாக இருக்கிறது என்றால் வீட்டு நிலைமையைப் பார்த்துக்கொள்.

இருந்தாலும் கடமை தவறவில்லை. போன வாரம் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் இடைவேளையில் மைக்கைப் பிடித்து அறிவித்தேன்: "ஓர் அண்ணனைக் காணவில்லை. உயரம் அதிகம், பொறுமை குறைவு. கோபித்துக்கொண்டால் மூக்கு முதலில் சிவக்கும். கண்டவர்கள் உடனே மேடைக்குக் கூட்டிவரவும்." அப்பா வந்து மைக்கை வாங்கினார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் மெதுவாக, "அடையாளம் அவ்வளவுதானா? நெத்தித் தழும்ப விட்டுட்டியே" என்றார்.

மரத்தடியில் நீ உட்காரும் ஸ்டூலுக்குப் புதுக் கால் போட்டிருக்கிறார். நான் உட்காரத்தான் என்று நினைத்து உட்கார்ந்தேன். "அது அவனோடது" என்று எழுப்பிவிட்டார்.

எனக்கு இந்த வேலை வரவில்லை, அண்ணா. சத்தம் கூடவா குறையவா என்று பிடிபடவே மாட்டேன் என்கிறது. உத்தேசமாகக் கையைத் தூக்குகிறேன். நேற்று அப்பா, "அவனுக்கு இருந்த காது உனக்கு இல்ல" என்றார். திட்டினாரா, உன்னைப் புகழ்ந்தாரா தெரியவில்லை. இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

கல்லூரியில் இந்த மாதத்துக்குள் பதில் கேட்கிறார்கள். "பெரியவன் வருவான்" என்று அப்பாவிடம் துணிந்து சொல்லிவிடட்டுமா? ஒரு வரி எழுது. கட்டைவிரல் வேண்டாம்.

வாலு

அம்மா: வெறும் வயித்தோட வேலைக்குப் போகாதே.


ஜூலை 22

வாலு,

கடைசி விழாவுக்கு வருகிறேன். எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே மேடையில் பாடும் நாள்தானே? அப்பாவிடம் இப்போது சொல்லாதே. அவரோடு நேரில் பேச வேண்டியது இருக்கிறது. அவர் மைக்கில் கேட்கும்போது மரத்தடியில் நான் நிற்பேன்.

கல்லூரிக்கு வருவதாக எழுதிவிடு.

பெரியவன்


ஆகஸ்ட் 10

அண்ணா,

கடைசி விழாவன்று மத்தியானம் மைக்கைச் சோதித்தபோது மரத்தடியில் நீ இல்லை. ரயில் தாமதமாகியிருக்கும் என்று நினைத்தேன். பேருந்து கிடைத்திருக்காது என்று நினைத்தேன். பிறகு நினைப்பதை விட்டுவிட்டு நானே போய் நின்றேன். "பெரியவனே, கேக்குதா?" என்றார் அப்பா. நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

சாயங்காலம் மைதானம் நிரம்பிவிட்டது. நான் மேடையோரம் அப்பாவின் மேசைக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பாடகி அக்காவிடம், "கீழ எறங்கி நடந்துக்கிட்டே பாடுங்க, கூட்டம் அசந்துடும்" என்று நான்தான் ஏற்றிவிட்டிருந்தேன். அவள் என்னை நம்பி இறங்கினாள். மைக்கோடு நேராக ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாள்.

அப்படி ஒரு கீச்சு. மெல்லிசாக, பல் கூசும்படி. முரசுக்காரர்கள், குழல்காரர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், காவலுக்கு நின்றவர்கள், மொத்த மைதானமும் ஒரே ஆளைப்போலக் காதைப் பொத்தியது. கடைசி மரத்தடியில் ஒரே ஒருவன் மட்டும் கால்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றான். எல்லாரும் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு அவனும் கையை எடுத்துக் காதில் வைத்தான். அதற்குள் கீச்சு நின்று மற்றவர்கள் எல்லாம் கையை இறக்கிவிட்டார்கள்.

அந்த நெற்றித் தழும்பை நான் அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்திருக்க முடியாது. ஆனாலும் பார்த்தேன்.

பதறிப்போன பாடகி அக்கா நிலைமையைச் சமாளிக்கத் தனக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொன்னாள்: "எப்பப்பா முடிப்பீங்க?" புரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டு ஓடி வந்தேன். ஸ்டூல் மட்டும்தான் இருந்தது.

அண்ணா, உனக்குக் காது கேட்கவில்லையா? இதை நான் விளையாட்டுக்கு எழுதவில்லை.

வாலு


ஆகஸ்ட் 17

வாலு,

அடியோடு கேட்காமல் இல்லை. முரசு கேட்கும், லாரி கேட்கும். மெல்லிய சத்தம், கூர்மையான சத்தம், உன் குரல், அம்மா குரல், போனில் யார் குரலும் சரியாக வருவதில்லை. பேச்சு வரும், வார்த்தை வராது.

இது ரொம்ப நாளாகவே இருக்கிறது. மரத்தடியில் நான் காதால் வேலை செய்யவில்லை, கண்ணால் செய்தேன். மேடைக்கு முன்னால் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேடையைத் திரும்பிப் பார்த்தால் சத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கையையும் தூக்கிவிடுவேன். போன கோடையில் மைக் கத்திய அன்று மேடைக்கு முன்னால் யாருமே இல்லை.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, இனி திரும்பாது என்றார். எந்த வயதிலிருந்து பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாய் என்று கேட்டார். சின்ன வயதில் நிகழ்ச்சி முடியும்வரை நான் ஸ்பீக்கர் பெட்டிமேலேயே சாய்ந்து தூங்குவேனே, அதை எப்படிச் சொல்வது? அவரிடமே சொல்ல முடியவில்லை, அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? அவர் என்மேல் கோபமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் ஓட்டை ஸ்பீக்கர் என்று கத்தினேன். ஸ்டூடியோவும் இல்லை, ஒன்றும் இல்லை. பார்சல் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். இங்கே எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். எனக்கு அது வசதி.

அன்று பேசத்தான் வந்தேன். அப்பா மைக்கைச் சோதித்தபோது வேலிக்கு வெளியே நின்றேன். அவர் குரல் வந்தது. என்ன கேட்கிறார் என்று உன் கடிதத்தில் படித்திருந்ததால் தெரிந்தது. உள்ளே வராமல் வேலியைப் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டேன். கூட்டம் கூடிய பிறகு, கூட்டத்தோடு கூட்டமாக மரம்வரைக்கும் வந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

அவரிடம் சொல்லாதே. நான் திரும்பி வந்தால் எதற்குப் பயன்படுவேன்? நீ போக வேண்டும். ஆனால் எப்படிப் போவாய் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெரியவன்


ஆகஸ்ட் 26

அண்ணா,

நான் சொல்லவில்லை. அம்மாமேல் சத்தியம். சொல்ல வேண்டிய வேலையே வரவில்லை. அப்பாவும் அதே மேசையிலிருந்து அதே மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சில நாள் சுற்றிய ஒயரையே அவிழ்த்துச் சுற்றினார். உன் கடிதம் வந்த மறுநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு மரத்தடியில நின்னது அவன்தானே?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

"கீச்சுனு கத்தினப்ப அவன் அசையவே இல்ல. பாத்தியா?"

"ம்."

"அவனப் போயி காத எங்கடா வெச்சிருக்கன்னு கேட்டேன். அந்தப் பெட்டிமேல அவனப் படுக்க வெச்சது நான்தானே. அழாம தூங்கறானேன்னு விட்டுட்டேன்." தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நானும்தானே பாத்துக்கிட்டு இருந்தேன். சாப்பிட்டு எந்திரிங்க." பிறகு இருவரும் சாப்பிட்டார்கள். ஒரு வாய் சாப்பாட்டை அவ்வளவு கஷ்டப்பட்டு விழுங்குகிறவர்களை நான் பார்த்ததில்லை.

"இத்தன வருஷம் எப்படித்தான் சமாளிச்சானோ?" என்று அப்பா மூன்று தரம் கேட்டுவிட்டார். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

நேற்றுக் கல்லூரி மைதானத்தில் வேலை, புது மாணவர்களுக்கு வரவேற்பு. அப்பா மைக்கை என் கையில் கொடுத்து, "நீ பேசு" என்றார். அங்கிருந்த கடைசி மரம்வரைக்கும் நடந்தார். மெதுவாக, நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. இவ்வளவு வாய் வைத்திருக்கிற நானும் அவருடைய கேள்வியைத்தான் கேட்டேன். "அப்பா, கேக்குதா?" என்றேன். இரண்டு கையையும் தூக்கினார். "சரிப்பா, போதும், எறக்குங்க" என்றேன். இறக்கவில்லை. நீ அன்றைக்கு வெளியே நின்றாயே, அந்த மாதிரி ஒரு வேலி அங்கேயும் இருக்கிறது. அதற்கு வெளியே நீ நிற்பாய் என்று நினைத்தாரோ என்னவோ, அதன் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்திருந்தார்.

இனி மரத்தடிக்குக் குழல் ஊதும் பையன் வருவான். தமிழ் தெரியாது, கையைத் தூக்க மொழி எதற்கு? அவனுக்கு "வணக்கம்" சொல்லிக்கொடுத்தேன். நம்பு, இந்த முறை சரியாகவே சொல்லிக்கொடுத்தேன்.

நான் முப்பதாம் தேதி கிளம்புகிறேன். ரயில் உன் ஊரில் மத்தியானம் கொஞ்ச நேரம் நிற்கும். அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. சாப்பாடு கட்டித் தருகிறாள், உனக்கும் சேர்த்து. அப்பா என்னோடு வருகிறார். கல்லூரியில் சேர்த்துவிடத்தான் என்கிறார். உன் ஸ்டூலை எதற்காக எடுத்து வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

நடைமேடையின் கடைசியில் நில். இரைச்சலாக இருக்கும், அப்பா கூப்பிட மாட்டார். ரயில் நுழையும்போது எங்கள் பெட்டியின் வாசலைப் பார். அவர் ஒரு கையைத் தூக்கினால் கிட்டே வா என்று அர்த்தம். இரண்டையும் தூக்கினால் என்ன என்று உனக்கே தெரியும்.

வாலு